பார்க்க முடியாத எபிசோடு மோசமான எபிசோடா? அலுவலக நகைச்சுவைத் தொடரை எடைபோடும் விதம்

அமெரிக்காவின் 'தி ஆபீஸ்' தொடரைப் பார்த்தவர்களிடம் 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' என்ற எபிசோடின் பெயரைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்கிவிடும். தொடரைத் திரும்பத் திரும்பப் பார்ப்பவர்கள்கூட அது வந்ததும் அடுத்ததுக்குத் தாவிவிடுகிறார்கள். "பார்க்கவே முடியல, மோசமான எபிசோடு" என்கிறார்கள் சிலர். "பார்க்கவே முடியல, அதனாலதான் அது அற்புதம்" என்கிறார்கள் வேறு சிலர். இரண்டு தரப்பும் ஒரே காரணத்தைச் சொல்லி எதிரெதிர் முடிவுக்கு வருவதைக் கவனியுங்கள். அந்தக் காரணத்தை இரண்டு தரப்புமே சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நகைச்சுவைத் தொடர் என்றாலே 'சிரிப்பு வந்ததா, வரவில்லையா' என்ற ஒரே கேள்வியோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது போதாது. ஒரு எபிசோடுக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தால், எது பலம், எது பலவீனம் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதற்கு 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' நல்ல பாடம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எபிசோடின் சங்கடம் அதன் பலம். பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. சங்கடத்தைப் பற்றிய சத்தத்தில் அது அடிபட்டுப் போகிறது.

தொடரைப் பார்க்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். ஆனால் கதை முழுவதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

## நடப்பது என்ன

'தி ஆபீஸ்' முதலில் பிரிட்டனில் 2001-ல் பிபிசியில் வந்தது. அதைத் தழுவி அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி ஒளிபரப்பிய தொடர் 2005 மார்ச்சில் தொடங்கி 2013 மே வரை ஓடியது. ஒன்பது சீசன், 201 எபிசோடு. பென்சில்வேனியா மாநிலத்தின் ஸ்க்ரான்டன் நகரில், 'டண்டர் மிஃப்ளின்' என்ற காகித விற்பனை நிறுவனத்தின் கிளை அலுவலகம்தான் களம். கிளை மேலாளர் மைக்கேல் ஸ்காட்டாக ஸ்டீவ் கேரல் நடித்தார். நாம் பேசும் எபிசோடு ஆறாவது சீசனின் பன்னிரண்டாவது. 2009 டிசம்பர் 3 அன்று ஒளிபரப்பானது.

கதை இதுதான். பத்து வருடங்களுக்கு முன்பு மைக்கேல் ஒரு பள்ளிக்குப் போய், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். நீங்கள் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டால் உங்கள் எல்லாருடைய கல்லூரிக் கட்டணத்தையும் நான் கட்டுகிறேன் என்று. முப்பது வயதுக்குள் பெரிய பணக்காரனாகிவிடுவோம் என்று அப்போது உண்மையாகவே நம்பியிருந்தார். ஆகவில்லை. இப்போது அந்தப் பிள்ளைகள் பள்ளியை முடிக்கும் வருடம். அந்த வகுப்புக்கே 'ஸ்காட்ஸ் டாட்ஸ்', அதாவது 'ஸ்காட்டின் குட்டிப் பிள்ளைகள்' என்று பெயர். நன்றி சொல்வதற்காக அவர்கள் மைக்கேலைப் பள்ளிக்கு அழைக்கிறார்கள். வரவேற்பாளர் எரினைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் போகிறார். பாட்டு, நடனம், பாராட்டுரை எல்லாம் நடக்கின்றன. அப்புறம்தான் வாயைத் திறந்து, தன்னிடம் பணம் இல்லை என்று சொல்கிறார்.

அதே நேரத்தில் அலுவலகத்தில் இன்னொரு கதை ஓடுகிறது. அந்த சீசனில் ஜிம், மைக்கேலுக்குச் சமமான இணை மேலாளர். அது அங்கே விற்பனையாளராக இருக்கும் ட்வைட்டுக்குப் பொறுக்கவில்லை. ஜிம்முக்கு வேலை போக வேண்டும் என்று திட்டம் போட்டு, 'மாதத்தின் சிறந்த ஊழியர்' என்று ஒரு விருதை ஆரம்பிக்கச் சொல்கிறார். மதிப்பெண்ணில் கைவைத்து ஜிம்மையே ஜெயிக்க வைக்கிறார். ஜிம் பதறிப்போய் விருதை இரண்டாம் இடத்துக்கு மாற்றினால், இரண்டாம் இடத்தில் இருப்பது அவருடைய மனைவி பாம். அலுவலகமே கொதிக்கிறது.

பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவதாக ஒரு தனி மனிதர் வாக்குக் கொடுப்பதெல்லாம் நடக்குமா என்று தோன்றலாம். அமெரிக்காவில் நடந்திருக்கிறது. 1981-ல் யூஜின் லாங் என்ற தொழிலதிபர் நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லெமில், தான் சிறுவயதில் படித்த பள்ளிக்குப் பேசப் போனார். அங்கே ஆறாம் வகுப்பில் இருந்த 61 பிள்ளைகளிடம், பள்ளியை முடித்தால் கல்லூரிக்கு நான் உதவுகிறேன் என்று சொன்னார். சொன்னதைச் செய்யவும் செய்தார். அதிலிருந்து ஒரு அறக்கட்டளையே வளர்ந்தது. கல்லூரிப் படிப்புக்காகக் குடும்பங்கள் பெரும் கடனில் விழும் நாடு அது. அங்கே இப்படி ஒரு வாக்கின் கனம் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் மைக்கேல் சொன்னது கிறுக்குத்தனமாகத் தோன்றினாலும், பிள்ளைகளும் ஆசிரியர்களும் அதை நம்பியதில் எந்தக் கிறுக்குத்தனமும் இல்லை. கதையின் அடித்தளம் கெட்டியாக நிற்பது இதனால்தான்.

## சிரிப்பு எங்கிருந்து வருகிறது

உங்கள் அலுவலகத்தில் ஒருவர் வந்து, "நேரத்தை வீணாக்கக்கூடாதுன்னு நம்ம மேனேஜர் மீட்டிங்கில் ஒன்றரை மணி நேரம் பேசினார்" என்கிறார். கூட வேலை செய்பவர்கள் எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அதையே வீட்டில் போய்ச் சொன்னால், "அப்படியா" என்பதோடு முடிந்துவிடும். சொன்ன வார்த்தை மாறவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த மேனேஜரைத் தெரியாது, அவ்வளவுதான்.

அலுவலக சிட்காமின் அடிப்படை இதே விஷயம்தான். சிட்காம் என்பது ஒரே ஆட்களை ஒரே இடத்தில் வைத்து, வாரா வாரம் புதுச் சிக்கலில் மாட்டிவிடும் நகைச்சுவைத் தொடர். அந்த ஆட்கள் நமக்குப் பழகப் பழக, அவர்கள் துணுக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை. 'இவர் இதற்கு என்ன செய்யப் போகிறாரோ' என்ற எதிர்பார்ப்பே பாதிச் சிரிப்பைக் கொண்டுவந்துவிடும். இதைப் பாத்திர நகைச்சுவை என்று வைத்துக்கொள்வோம். ஆளின் குணத்திலிருந்து பிறக்கும் சிரிப்பு.

மைக்கேலின் குணம் ஒரே வரியில் அடங்கும். எதிரே இருப்பவர் தன்னை நேசிக்க வேண்டும், அதுவும் இந்த நிமிடமே. அதற்காக எதையும் சொல்லிவிடுவார். சொன்னதற்கு நாளை என்ன ஆகும் என்ற யோசனை அவருக்கு வராது. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருடைய நல்ல எண்ணத்துக்கான செலவு எப்போதும் அடுத்தவர் தலையில் விழும்.

இந்தக் குணத்தை வைத்துப் பார்த்தால், 'ஸ்காட்ஸ் டாட்ஸ்' கதைக்கரு எவ்வளவு பொருத்தமானது என்று புரியும். ஒரு வகுப்பறை முழுக்கப் பிள்ளைகள். ஒரே வாக்கியத்தில் அவர்கள் எல்லாருடைய அன்பையும் வாங்கிவிடலாம். விலை பத்து வருடம் கழித்து. மைக்கேலுக்கென்றே செய்த பொறி அது. வேறு எந்தப் பாத்திரத்தையும் இந்தக் கதையில் வைக்க முடியாது. ஜிம் அப்படி வாக்குக் கொடுக்கமாட்டார். ட்வைட்டுக்கு அந்த ஆசையே வராது. ஒரு எபிசோடின் கதையை வேறொரு பாத்திரத்துக்கு மாற்றிப் பார்த்து, 'நடக்காது' என்று தோன்றினால், அது அந்தக் கதையின் பெரிய பலம்.

இதில் ஒரு சின்னத் தருணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஸ்டான்லி என்று ஒருவர் இருக்கிறார். எப்போதும் சலிப்பு, கையில் குறுக்கெழுத்துப் புதிர், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பு. அவர் சிரித்துப் பார்ப்பதே அபூர்வம். மைக்கேலின் பழைய வாக்குக்கு நாள் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அந்த ஸ்டான்லி அடக்க முடியாமல் சிரிக்கிறார். விவகாரம் எவ்வளவு பெரியது என்பதை வசனம் போட்டு விளக்காமல், சிரிக்காத ஒருவரைச் சிரிக்க வைத்தே எழுத்தாளர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஐந்து சீசனாக ஸ்டான்லியைத் தெரிந்தவர்களுக்கு அது சட்டென்று உறைக்கும்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால், சிட்காமில் சிரிப்பு பெரும்பாலும் தெரிந்த குணத்திலிருந்து வருகிறது. அந்தக் குணத்துக்குச் சரியான சிக்கலைக் கண்டுபிடிப்பதுதான் எபிசோடின் முதல் வேலை. அதில் இந்த எபிசோடு முழு மதிப்பெண் வாங்குகிறது.

## கேமராவின் வேலை

'தி ஆபீஸ்' ஒரு மாக்யுமென்டரி. அதாவது, ஆவணப்படக் குழு ஒன்று அந்த அலுவலகத்தைப் படம் பிடிப்பதுபோல் எடுக்கப்பட்ட கற்பனைக் கதை. கேமரா அங்கே இருப்பது பாத்திரங்களுக்குத் தெரியும். அவ்வப்போது ஒருவர் தனியாக உட்கார்ந்து நேராகக் கேமராவிடம் பேசுவார். அந்தத் துண்டுகளுக்கு டாக்கிங் ஹெட் என்று பெயர்.

இந்தப் பாணியால் ஒரு முக்கியமான விஷயம் நடக்கிறது. பழைய சிட்காம்களில் பின்னணியில் கூட்டத்தின் சிரிப்பொலி கேட்கும். ஏதாவது அசிங்கமாக நடந்தாலும் அந்தச் சிரிப்பொலி, 'பரவாயில்லை, இது விளையாட்டு' என்று நமக்குச் சொல்லிவிடும். இங்கே அந்தச் சத்தம் கிடையாது. அசட்டுத்தனமாக ஒரு பேச்சு வந்து விழுந்தால், அதன் பிறகு மௌனம்தான். அந்த மௌனத்தில் நாமும் அந்த அறைக்குள் மாட்டிக்கொள்கிறோம்.

டாக்கிங் ஹெட் இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. வெளியே ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும், தன்னைப் பற்றி உள்ளே என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதையும் அடுத்தடுத்து வைத்துக் காட்டுகிறது. இந்த எபிசோடில் மைக்கேல் தன் வாழ்க்கையில் கொடுத்த வெற்று வாக்குகளிலேயே இதுதான் மிகத் தாராளமானது என்று கேமராவிடம் சொல்கிறார். வாக்கு வெற்று என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அதன் தாராளத்துக்கான பெருமையை விட மனமில்லை. ஒரு மனிதர் எப்படித் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார் என்று அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது. எழுத்துக்கு இதைவிடச் சிக்கனம் இருக்க முடியாது.

## சங்கடம் எப்படி உருவாகிறது

அடுத்தவர் மானம் போவதைப் பார்த்து நாம் நெளிகிறோமே, அந்த நெளிவையே கருவியாக வைத்துச் செய்யும் நகைச்சுவைக்கு கிரிஞ்ச் காமெடி என்று பெயர். இதைப் பலரும் 'ஒருவர் அசட்டுத்தனம் செய்தால் போதும், கிரிஞ்ச்' என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது சரியில்லை. வழுக்கி விழுந்தவரைப் பார்த்து நாம் நெளிவதில்லை. நெளிய வேண்டுமென்றால் சில விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும்.

முதலாவது, அறையில் இருப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிய வேண்டும். இங்கே, பணம் இல்லை என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியாது. அடுத்தது, உண்மை வெளிவருவது தள்ளிக்கொண்டே போக வேண்டும். வகுப்பறைக்குள் நுழைந்ததும் மைக்கேல் விஷயத்தைச் சொல்லியிருந்தால், அது சோகக் காட்சி. அவ்வளவு நெளிவு இருந்திருக்காது. இன்னொன்றும் வேண்டும். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. அதை நிறுத்தும் வாய்ப்பு அவர் கையிலேயே இருக்க வேண்டும். ஒவ்வொரு நொடியும் 'இப்போதாவது சொல்லிவிடு' என்று நாம் மனதுக்குள் கத்துகிறோம். அவர் சொல்வதில்லை. நம் நெளிவு அந்தக் கையாலாகாத நிலையிலிருந்து வருகிறது.

அந்தப் பாட்டைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். மாணவர்கள் எழுந்து மைக்கேலுக்காகத் தாங்களே தயார் செய்த பாட்டைப் பாடி ஆடுகிறார்கள். 'மிஸ்டர் ஸ்காட், என்ன செய்யப் போகிறீர்கள்' என்று கேட்டு, 'எங்கள் கனவை நனவாக்கப் போகிறீர்கள்' என்று பதில் சொல்லும் பாட்டு. ஒரு நன்றிப் பாட்டைக் கேள்வியாக அமைத்ததில்தான் எழுத்தாளர்களின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பதில் தெரிந்த கேள்வி, உற்சாகத்துக்காகக் கேட்பது. மைக்கேலுக்கு அது உண்மையான கேள்வி. அவரிடம் பதில் இல்லை. ஒவ்வொரு முறை அந்த வரி திரும்ப வரும்போதும் அவருடைய நிலைமை இன்னும் மோசமாகிறது. பாடுபவர்களிடம் துளி வன்மம் இல்லை. பாட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, நமக்கு அவ்வளவு வலிக்கிறது. ஏனென்றால் அது நன்றாக வரவேண்டும் என்று அவர்கள் நேரம் செலவிட்டிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பாராட்டை மைக்கேலால் வாங்கிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. பயந்தபடியே ரசிக்கிறார். பத்து வருடத்துக்கு முன்பு அந்த வாக்கைக் கொடுக்கவைத்த அதே பசி இன்னும் அப்படியே இருக்கிறது.

அப்புறம் லேப்டாப் பேட்டரி. பணம் இல்லை என்று சொல்லி முடித்ததும், வெறுங்கையோடு வரவில்லை என்று காட்டுவதற்காக, ஒவ்வொருவருக்கும் ஒரு லித்தியம் பேட்டரி தருவதாக மைக்கேல் அறிவிக்கிறார். இது ஏன் அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது? பேட்டரிக்குத் தனியாக எந்தப் பயனும் இல்லை. இல்லாத லேப்டாப்பை அது ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கும். பெரிய வாக்கில் இருந்த அதே கோளாறு சின்னப் பரிசிலும் இருக்கிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கும், கையில் வாங்கினால் உதவாது. மைக்கேல் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பதை ஒரே ஒரு பேட்டரியில் சொல்லிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும்.

ஆக, 'பார்க்க முடியல' என்று சொல்பவர்கள் எபிசோடைக் குறை சொல்வதாக நினைத்துக்கொண்டு, அது குறி தவறாமல் அடித்தது என்று சாட்சி சொல்கிறார்கள். ஒருவருக்கு அந்த அனுபவம் பிடிக்காமல் போகலாம். அது முழுக்க நியாயம். ஆனால் பிடிக்காமல் போவதும், செய்த வேலை சரியில்லை என்பதும் வேறு வேறு.

## இரண்டாவது கதை எதற்கு

இப்போது பலவீனத்துக்கு வருவோம்.

அரை மணி நேரத் தொலைக்காட்சி இடத்தில் விளம்பரம் போக, ஒரு எபிசோடுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 22 நிமிடம். அதில் பெரும்பாலும் இரண்டு கதைகள் ஓடும். முக்கியமான கதைக்கு ஏ பிளாட் என்று பெயர், துணைக் கதைக்கு பி பிளாட். துணைக் கதையை வெறும் இட்டுநிரப்பல் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கு இரண்டு உருப்படியான வேலைகள் உண்டு. ஒன்று, முக்கியக் கதை இறுக்கும்போது நமக்கு மூச்சுவிட இடம் தருவது. இன்னொன்று, முக்கியக் கதையில் இருக்கும் அதே விஷயத்தை வேறு கோணத்தில் காட்டுவது.

இது சரியாக அமைந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு, இதே தொடரின் இரண்டாவது எபிசோடான 'டைவர்சிட்டி டே' நல்ல உதாரணம். 2005 மார்ச் 29 அன்று வந்தது. முக்கியக் கதையில் மைக்கேல், இனப் பாகுபாட்டைப் பற்றித் தானே ஒரு பயிற்சி வகுப்பு நடத்துகிறேன் என்று, ஊழியர்களின் நெற்றியில் இனப் பெயர் எழுதிய அட்டைகளை ஒட்டவைத்து எல்லாரையும் புண்படுத்துகிறார். துணைக் கதையில் ஜிம், வருடத்துக்கு ஒருமுறை வரும் தன் மிகப் பெரிய வியாபாரத்தை முடிக்கப் பார்க்கிறார். மைக்கேலின் கூத்தால் அது தள்ளிப்போய்த் தள்ளிப்போய், கடைசியில் ட்வைட் கைக்குப் போய்விடுகிறது. அந்தக் களைப்பில், கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாம் ஜிம்மின் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறாள். நாள் அவ்வளவு மோசமில்லை என்று ஜிம் சொல்கிறார். மைக்கேலின் ஆர்ப்பாட்டத்துக்கு நடுவே ஓர் அமைதியான கதை. இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

'ஸ்காட்ஸ் டாட்ஸ்' எபிசோடிலும் காகிதத்தில் அழகான பொருத்தம் இருக்கிறது. பள்ளியில், ஏமாற்றிய ஒருவர் வள்ளலாகத் தெரிகிறார். அலுவலகத்தில், நேர்மையான ஒருவர் ஏமாற்றுக்காரராகத் தெரிகிறார். யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் நடைமுறையில் துணைக் கதை இரண்டு இடங்களில் சறுக்குகிறது.

முதல் சறுக்கல், மூச்சுவிட இடம் இல்லை. பள்ளிக் காட்சியிலிருந்து நழுவி அலுவலகத்துக்கு வந்தால், அங்கேயும் ஒருவருடைய மானம் பலர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. விருதும் பாராட்டும் கோபமுமாக அங்கேயும் அதே வகை நெளிவு. ஜிம்மின் முகம் போட்ட கேக் வேறு வந்து சேர்கிறது. இரண்டு கதைகளும் ஒரே நரம்பைச் சுண்டுகின்றன. எபிசோடைத் 'தாங்க முடியவில்லை' என்பவர்கள் பள்ளிக் காட்சியைத்தான் குற்றம் சொல்வார்கள். உண்மையில் பள்ளிக் காட்சி தாங்க முடியாததாகவே இருக்க வேண்டும். அதிலிருந்து இறங்கி நிற்க ஒரு திண்ணை கிடைக்காததுதான் கோளாறு.

இரண்டாவது சறுக்கல் இதைவிடப் பெரியது. ட்வைட்டின் திட்டம் பலிக்க வேண்டுமென்றால் மற்ற எல்லாரும் அன்று ஒரு நாள் முட்டாள்களாக இருந்தாக வேண்டும். ஐந்து சீசனாக ட்வைட்டின் ஒவ்வொரு தந்திரத்தையும் முன்கூட்டியே மோப்பம் பிடித்து விளையாடியவர் ஜிம். ட்வைட் தானாக வந்து ஓர் ஊழியர் நலத் திட்டத்தைச் சொன்னால் அவருக்குச் சந்தேகம் வராதா? சக ஊழியர்களின் குரலில் ட்வைட் தொலைபேசியில் புகார் சொல்வதை, தலைமை அலுவலகத்தில் இருக்கும் டேவிட் வாலஸ் நம்பிவிடுகிறார். தொடரில் நிதானமாக யோசிக்கும் மனிதர் என்றால் அவர்தான்.

பாத்திர நகைச்சுவை பற்றி மேலே சொன்னதை இங்கே பொருத்திப் பாருங்கள். சிரிப்பு தெரிந்த குணத்திலிருந்து வருகிறது என்றால், குணத்தை மாற்றி வரவழைக்கும் சிரிப்பு முதலீட்டில் கைவைப்பது மாதிரி. அந்த ஒரு காட்சிக்குச் சிரிப்போம். ஆனால் அடுத்த வாரம் ஜிம்மின் புத்திசாலித்தனத்தை நம்பும்போது கொஞ்சம் தயக்கம் வரும். முக்கியக் கதையில் மைக்கேல் தன் குணத்தால் மாட்டுகிறார். துணைக் கதையில் ஜிம் எழுத்தாளர்களின் தேவையால் மாட்டுகிறார். ஒரே எபிசோடுக்குள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம் என்பதால்தான் இதைப் பாடம் என்றேன்.

## செலவு யார் தலையில்

இன்னொரு குறை எனக்கு உண்டு. அதை எடைபோடுவது கொஞ்சம் சிக்கல்.

மைக்கேல் செய்யும் எந்தத் தப்பிலும் வழக்கமாகக் கஷ்டப்படுவது அலுவலக ஆட்கள். அவர்களை நமக்குத் தெரியும். அவர்களுக்குச் சம்பளம் உண்டு, பதிலுக்குப் பேச வாய் உண்டு. இங்கே கஷ்டப்படுவது பதினெட்டு வயதை ஒட்டிய பிள்ளைகள். பணம் வரும் என்று பத்து வருடம் நம்பியவர்கள், வேறு உதவித்தொகைக்கு முயற்சி செய்யாமலே இருந்திருக்கலாம். இவ்வளவு பெரிய இழப்பைக் கதைக்குள் கொண்டுவந்த பிறகு, அந்தப் பிள்ளைகளைத் தனித்தனி மனிதர்களாகக் காட்டும் கடமை எழுத்தாளர்களுக்கு வந்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் அவர்கள் ஒரு கூட்டமாகவே பாடுகிறார்கள், கூட்டமாகவே அதிர்ச்சி அடைகிறார்கள். அந்த வகுப்பில் பெரும்பாலானோர் கறுப்பினப் பிள்ளைகள். வெள்ளைக்காரர் ஒருவர் வந்து கனவு காட்டிவிட்டுப் போகிறார் என்பதை எபிசோடு தெரிந்தேதான் வைத்திருக்கிறது. மைக்கேலின் மீட்பர் ஆசையை அது கேலி செய்கிறது. கேலி சரிதான். அதற்கு எதிரே நிற்கும் பிள்ளைகள் யார் என்று தெரிந்திருந்தால் அது இன்னும் ஆழமாக வெட்டியிருக்கும்.

சிட்காமின் அமைப்பிலேயே இதற்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த வாரம் தொடர் ஆரம்பிக்கும்போது எல்லாம் ஏறக்குறையப் பழைய இடத்துக்கே வந்திருக்க வேண்டும். இதை ரீசெட் என்பார்கள். அன்று முதன்முதலாகத் தொடரைப் பார்ப்பவருக்கும் புரிய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. மீட்டிங்கில் ஒருவர் புண்பட்டார் என்றால் ரீசெட் செய்துவிடலாம். ஒரு வகுப்பின் கல்லூரிக் கனவை அப்படி அழித்துவிட்டுப் போக முடியாது. இந்த வாக்கைப் பற்றி முந்தைய சீசன்களில் பேச்சே இல்லை. அடுத்த வாரம் கதை வேறு பக்கம் போய்விடுகிறது. தொடரின் அளவுக்கு மிஞ்சிய ஒரு தப்பை 22 நிமிடத்துக்குள் திறந்து, 22 நிமிடத்துக்குள் மூட வேண்டியிருந்தது. மூடிய இடத்தில் தையல் தெரிகிறது.

## எரின் சொல்லும் கணக்கு

திரும்பி வரும் வழியில் எரின் மைக்கேலிடம் ஒரு கணக்குச் சொல்கிறாள். அந்தப் பிள்ளைகளில் 90 சதவீதம் பேர் பள்ளியை முடிக்கும் நிலையில் இருக்கிறார்களாம். பள்ளியின் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் அது 35 சதவீதம் அதிகம் என்று தலைமையாசிரியர் சொன்னாராம். அந்த வாக்கு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் பலர் பாதியிலேயே நின்றிருப்பார்கள் என்கிறாள்.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இதில் பலமும் பலவீனமும் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பொய் வாக்கு ஒன்று உண்மையான நன்மையைச் செய்திருக்கிறது என்பது லேசான விஷயம் இல்லை. நம்பிக்கைக்குப் பின்னால் பணம் இல்லாவிட்டாலும், நம்பிக்கை மட்டும் பத்து வருடம் வேலை செய்திருக்கிறது. மைக்கேலைத் திட்டிவிட்டு நிம்மதியாக எழுந்து போக முடியாதபடி அந்த வரி நம்மைப் பிடித்து உட்கார வைக்கிறது.

ஆனால் அதைச் சொல்வது எரின். சொல்லப்படுவது மைக்கேலுக்கு, அவரைத் தேற்றுவதற்காக. பள்ளிப்படிப்பை முடித்த உழைப்பு அந்தப் பிள்ளைகளுடையது. அதன் ஆறுதல் மட்டும் காரில் உட்கார்ந்திருக்கும் மைக்கேலுக்குப் போகிறது. இதே கணக்கை வகுப்பறையில் ஓர் ஆசிரியர் கோபத்தோடு சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். 'உங்கள் வாக்கை நம்பி இவர்கள் செய்த வேலை இது' என்று. அதே எண்ணிக்கை, முற்றிலும் வேறு எடை. யூஜின் லாங் பணத்தோடு நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துக்கொள்ள முழுநேரமாக ஒருவரை நியமித்தார். மைக்கேல் அந்தப் பத்து வருடத்தில் என்ன செய்தார் என்ற கேள்வியை எரினின் வரி மெதுவாக மூடிவிடுகிறது.

## இன்னொரு எபிசோடோடு வைத்துப் பார்த்தால்

ஜீன் ஸ்டுப்னிட்ஸ்கி, லீ ஐசன்பெர்க் என்ற இருவர் சேர்ந்து எழுதிய எபிசோடு இது. இதே இருவர் எழுதிய இன்னொரு எபிசோடு 'டின்னர் பார்ட்டி'. 2008 ஏப்ரல் 10 அன்று வந்தது. மைக்கேலும் அவருடைய காதலி ஜானும் அலுவலக ஆட்களை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்து, எல்லார் முன்னாலும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். நெளிவு அதிலும் உச்சம்தான். துணைக் கதை என்று தனியாக ஒன்றுகூட இல்லை, எல்லாரும் அந்த வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருக்கிறார்கள். ஆனாலும் பெரும்பாலானவர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள். திரும்பப் பார்க்கிறார்கள்.

என்ன வித்தியாசம்? அங்கே உடைவது மைக்கேலும் ஜானும் தங்களுக்குள் கட்டிய வாழ்க்கை. செலவு அவர்கள் தலையிலேயே விழுகிறது. விருந்தாளிகள் தப்பித்து வீட்டுக்குப் போய்விடலாம். யாரும் தங்கள் குணத்தை விட்டு நடந்துகொள்வதில்லை. மைக்கேல் பெருமையாகக் காட்டும் அந்தக் குட்டி பிளாஸ்மா டிவியின் மீது ஜான் மைக்கேலின் விருதுச் சிலை ஒன்றை எறிந்து உடைக்கும்போது நமக்கு அதிர்ச்சி இருக்கும், குற்ற உணர்ச்சி இருக்காது. கிரிஞ்ச் காமெடியில் நெளிவின் அளவைவிட, நெளிவுக்குப் பில் கட்டுவது யார் என்பதுதான் பெரிய கேள்வி என்று நான் நினைக்க இந்த இரண்டு எபிசோடுகளும்தான் காரணம்.

'ஸ்காட்ஸ் டாட்ஸ்' பார்க்க ஆரம்பித்துப் பாட்டோடு நிறுத்திவிடுபவர்கள், அதற்குப் பிறகு வரும் ஒரு காட்சியைத் தவறவிடுகிறார்கள். ஒரு மாணவன் மைக்கேலின் பின்னாலேயே கார் வரை வந்து பேசுகிறான். கல்லூரிக் கட்டணம் முடியாது, ஆனால் புத்தகச் செலவை நான் தருகிறேன் என்று மைக்கேல் ஒப்புக்கொண்டு காசோலை எழுதுகிறார். அந்த எபிசோடு முழுவதிலும் அவர் தன்னால் முடிந்த ஒரு தொகையைச் சொல்லும் ஒரே இடம் அது. மேலே நான் கேட்ட தனி மனிதன் அங்கே ஒருவனாவது கிடைக்கிறான். காட்சி சீக்கிரமே முடிந்துவிடுகிறது. ட்வைட்டின் தொலைபேசிக் குரல்களுக்குக் கொடுத்த நேரத்தில் பாதியை இங்கே கொடுத்திருக்கலாம்.